மக்காச்சோளம்: "110 நாள்" ரகம் ஏன் எல்லாப் பட்டத்திலும் 110 நாள் இல்லை? வெப்பக் கணக்கு போடுபவர்கள் வாங்க

கரிசல்காடு (பெரம்பலூர்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பக்கம் புரட்டாசிப் பட்டத்தில் மானாவாரி மக்காச்சோளம்தான் பிரதானம். கிணறு இருப்பவர்கள் சித்திரை, வைகாசியிலும் ஒரு தடவை போடுவார்கள். ஒரே கம்பெனி, ஒரே ரகம், பாக்கெட்டில் 110 நாள் என்று அச்சடித்திருக்கிறது. ஆனால் வைகாசியில் போட்டது சீக்கிரம் பூக்கிறது, புரட்டாசியில் போட்டது நிதானமாக வருகிறது. இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான்.

பயிர் நாளை எண்ணுவதில்லை, வெப்பத்தைத்தான் எண்ணுகிறது என்று படித்தேன். சூத்திரம் சுலபம்: அன்றைய அதிகபட்ச வெப்பம், குறைந்தபட்ச வெப்பம் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து, அதில் 10 கழிக்க வேண்டும். வருவது அன்றைய வரவு. விதைத்ததிலிருந்து கூட்டிக்கொண்டே போனால் இத்தனையில் பூ, இத்தனையில் அறுவடை என்று சொல்லிவிடலாம் என்கிறார்கள்.

எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். பூக்க 1000 டிகிரி-நாள் வேண்டும் என்று ஒரு எண்ணை வைத்துக்கொண்டேன். வைகாசியில் 37, 27. சராசரி 32, பத்து போனால் 22. அப்படியானால் 45 நாளில் பூ. ஐப்பசி வாக்கில் 31, 23. சராசரி 27, மீதி 17. அப்போது 59 நாள். இரண்டுக்கும் இரண்டு வாரம் வித்தியாசம். ஆனால் காட்டில் நான் பார்ப்பது ஐந்தாறு நாள் வித்தியாசம்தான். சூத்திரம் நம் ஊருக்கு ஒத்துவராதா, இல்லை நடுவில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?

தாளடி மணி (மன்னார்குடி)

தம்பி, ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்னவன் எக்செல் வைத்தா சொன்னான்? பட்டம் என்பதே இந்தக் கணக்கை முன்னோர் போட்டு வைத்த விடைதான். எதற்கு மறுபடியும் முதலிலிருந்து?

வானிலைக் கிறுக்கன் (கோவை)

மணி ஐயா, விடை சரிதான். ஆனால் அந்த விடை எழுதிய காலத்து வெயில் வேறு, இப்போதைய வெயில் வேறு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

கரிசல், உங்கள் சூத்திரத்தில் அடித்தளம் இருக்கிறது, கூரை இல்லை. 10 டிகிரிக்குக் கீழே மக்காச்சோளம் வளராது என்பதால் 10 கழிக்கிறோம். அதேபோல 30க்கு மேலே போனால் வளர்ச்சி வேகம் கூடாது. 37 டிகிரி வெயிலில் பயிர் 30இல் ஓடிய வேகத்தில்தான் ஓடும், சமயத்தில் அதைவிட மெதுவாக. ஆகவே அமெரிக்காவில் மக்காச்சோளத்துக்குக் கணக்குப் போடும்போது அதிகபட்சம் 30ஐத் தாண்டினால் 30 என்றே எழுதுவார்கள், குறைந்தபட்சம் 10க்குக் கீழே போனால் 10 என்று எழுதுவார்கள். அவர்கள் ஃபாரன்ஹீட்டில் 86, 50 என்பார்கள்.

இப்போது உங்கள் எண்ணையே போடுவோம். வைகாசி: 37க்குப் பதில் 30, கூட 27. சராசரி 28.5, மீதி 18.5. ஆயிரத்தை வகுத்தால் 54 நாள். ஐப்பசி: 31க்குப் பதில் 30, கூட 23. சராசரி 26.5, மீதி 16.5. அதாவது 60, 61 நாள். வித்தியாசம் ஆறேழு நாள். உங்கள் காட்டில் பார்ப்பதும் கிட்டத்தட்ட அதுதானே?

குளிர்நாட்டில் இந்தக் கூரை பெரிய விஷயமில்லை, வருடத்தில் சில நாள்தான் இடிக்கும். நம் சமவெளியில் பங்குனி முதல் ஆவணி வரை ஏறக்குறைய தினமும் இடிக்கும். இணையத்தில் கிடைக்கும் கால்குலேட்டர்களில் கூரை இல்லாதவை ஏராளம். அப்படியே எடுத்து நம் கோடையில் போட்டால் இப்படித்தான் கோணும்.

இந்தக் கூட்டல் யோசனை ரொம்பப் பழசு. பிரான்சில் ரேமூர் என்ற அறிஞர் 1735இலேயே தினசரி வெப்பத்தைக் கூட்டி, முந்தைய ஆண்டைவிட அந்த ஆண்டு விளைச்சல் ஏன் பிந்தியது என்று பார்த்தார். அடித்தளம் கழிப்பது, கூரை வைப்பது எல்லாம் பின்னால் வந்தவர்கள் சேர்த்தது.

ஸ்கார்பரோ தோட்டம்

வணக்கம் தம்பிமாரே. நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில். வீட்டுக்குப் பின்னாலை வெண்டி, கத்தரி, பயித்தை போடுகிறேன். இங்கே ஒன்டாரியோவில் சோள விதைப் பையில் நாள் கணக்கைவிட வெப்ப அலகுதான் முக்கியம். உங்கள் இடத்துக்கு இத்தனை அலகு, இந்த விதைக்கு இத்தனை அலகு, இரண்டும் பொருந்தினால் வாங்கு, இல்லாவிட்டால் பனி விழமுன் முற்றாது. 1960களில் இருந்து இந்த முறைதான்.

அதன் சூத்திரம் வேறு மாதிரி. பகலுக்கு ஒரு கணக்கு, இரவுக்கு ஒரு கணக்கு. இரவுக்கு: குறைந்தபட்சத்தில் 4.4 கழித்து 1.8ஆல் பெருக்குவது. பகலுக்கு: அதிகபட்சத்தில் 10 கழித்து அதை 3.33ஆல் பெருக்கி, அதிலிருந்து அதே எண்ணின் வர்க்கத்தை 0.084ஆல் பெருக்கிக் கழிப்பது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் அன்றைய அலகு.

பகல் 30 என்றால் எனக்கு 33.0 வருகிறது. பகல் 36 என்றால் 29.8தான் வருகிறது. கூடின வெயிலுக்குக் குறைந்த வரவு. முதல் தரம் பார்த்தபோது சூத்திரத்தை மாறி எழுதிவிட்டார்களோ என்று நினைத்தேன். கனடாவில் 36 எத்தனை நாள் வரப்போகிறது? உங்களுக்குத்தான் இது உதவும் போல.

வானிலைக் கிறுக்கன்

அக்கா, அருமை. அந்தச் சூத்திரத்தில் பகல் வரவு 30ஐ ஒட்டி உச்சிக்குப் போய் அப்புறம் இறங்கும். கூரையோடு நிற்காமல், மேலே போனால் அபராதமும் போடுகிறது. நம் சித்திரை வெயிலுக்கு அதுதான் நியாயம். ஆனால் இரவுக் கணக்கைக் கவனியுங்கள்: அங்கே இரவு 15, 16 டிகிரி. கூடக் கூட நல்லது என்று நேர்கோட்டில் வைத்திருக்கிறார்கள். நமக்கு இரவு 27. அந்த இடத்தில் அதை அப்படியே நம்ப முடியாது.

தாளடி மணி

சரி, சோளத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். நெல்லுக்கு இதைச் சொல்லுங்கள் பார்ப்போம். மேட்டூர் ஜூன் 12 திறந்து தண்ணீர் வந்தால் குறுவை. ஏ.டி.டி. 43 ரகம் போட்டால் 110 நாளில் அறுத்துவிடுவேன். சம்பாவுக்கு சி.ஆர். 1009 ரகம். ஆவணி தொடக்கத்தில் விட்டாலும் சரி, பத்து இருபது நாள் பிந்தி விட்டாலும் சரி, அறுவடை தையில்தான் வந்து நிற்கும். பிந்திப் போட்டவன் பயிர் குட்டையாக இருக்கும், தூர் குறைவாக இருக்கும், ஆனால் கதிர் ஏறக்குறைய கூடவே வந்துவிடும். உங்கள் வெப்பக் கூட்டல்படி அவன் பிந்தித்தானே வர வேண்டும்?

வானிலைக் கிறுக்கன்

ஐயா கேட்டது இந்த இழையிலேயே நல்ல கேள்வி. சம்பா ரகங்கள், அதிலும் பாரம்பரியச் சம்பாக்கள், வெப்பத்தோடு பகலின் நீளத்தையும் பார்க்கின்றன. பகல் ஓர் அளவுக்குக் குறுகிய பிறகே உள்ளே கதிர் உருவாகத் தொடங்கும். தஞ்சாவூரில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். நமக்குப் பெரிதாகத் தெரியாது, அந்தப் பயிருக்கு அது போதும். ஆகவே எப்போது விட்டாலும் ஐப்பசி வாக்கில் எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கும். சீக்கிரம் விட்டதற்குத் தூர் கட்ட நேரம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

குறுவை ரகங்கள் இப்படிப் பகலைப் பார்ப்பதில்லை. அவற்றுக்கு வெப்பக் கணக்கு பொருந்தும், அதுவும் கூரையோடு. சம்பாவுக்குக் கதிர் உருவான பிறகு அறுவடை வரைக்கும் வேண்டுமானால் கூட்டலாம். விதையிலிருந்து கூட்டினால் பொய்தான் சொல்லும்.

கம்பம் பந்தல்

எங்களுக்கும் சொல்லுங்கள். பன்னீர்த் திராட்சை. வெளிநாட்டில் திராட்சைக்கு ஊர்களையே வெப்பக் கூட்டலை வைத்து ஐந்தாகப் பிரித்திருக்கிறார்களாமே?

வானிலைக் கிறுக்கன்

ஆமாம், கலிஃபோர்னியாவில் அமரைன், விங்க்ளர் இருவரும் 1944இல் செய்தது. ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை, 10 டிகிரி கழித்துக் கூட்டுவது. நம் டிகிரியில் சுமார் 2200க்கு மேல் போனால் ஐந்தாவது வகை, அதாவது ரொம்பச் சூடான இடம். கம்பத்துக்குத் தினசரி சராசரி 26 என்று குறைவாக வைத்தாலே 16 வரவு, 214 நாளுக்கு 3400ஐத் தாண்டும். அந்த அட்டவணையில் கம்பத்துக்கு இடமே இல்லை.

இடம் வேண்டியதும் இல்லை. அங்கே குளிர்காலத்தில் கொடி தூங்கும், வசந்தத்தில் தானாகத் துளிர்க்கும், அதனால் காலண்டரில் தேதி வைத்துக் கூட்டலாம். உங்களிடம் கொடி தூங்குவதே இல்லை, நீங்கள் கவாத்து வெட்டும் நாள்தான் அதற்கு வசந்தம். கவாத்திலிருந்து கூட்டுங்கள். ஒரே பள்ளத்தாக்கில் ஒருவர் மார்கழியில் வெட்டுகிறார், இன்னொருவர் வைகாசியில் வெட்டுகிறார். இருவருக்கும் பழம் எப்போது என்று தனித்தனியாகச் சொல்ல இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

நீலமலை (கோத்தகிரி)

இங்கே நேர்மாறான பிரச்சினை. எங்களுக்குக் கூரை இடிப்பதில்லை, தரைதான் இடிக்கிறது. பீன்ஸுக்கு அடித்தளம் 10 என்று வைத்துக் கூட்டுகிறேன். தை மாதத்தில் ஒரு நாள் 19, 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 12, பத்து கழித்தால் 2. ஆனால் கிறுக்கன் மேலே சொன்ன மாதிரி 5ஐ முதலில் 10 ஆக்கிவிட்டுச் சராசரி எடுத்தால் 14.5, வரவு 4.5. ஒரே நாள், ஒரே பயிர், இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒரு மாதத்துக்கு 60ஆ, 135ஆ? எது சரி?

இன்னொன்று. நாசா பவர் தளத்தில் 1981 முதல் தினசரி வெப்பம் இலவசமாகக் கிடைக்கிறதே என்று எடுத்தேன். ஊட்டிக்குக் கேட்டால் கீழ்நாட்டு வெயில் மாதிரி வருகிறது.

வானிலைக் கிறுக்கன்

இரண்டு முறையும் புழக்கத்தில் இருக்கின்றன. கட்டுரை எழுதுகிறவர்கள் எந்த முறை என்று சொல்லாமலே விட்டுவிடுவார்கள். 1997இல் மெக்மாஸ்டர், வில்ஹெல்ம் என்ற இருவர் இதற்காகவே ஒரு கட்டுரை எழுதினார்கள். மக்காச்சோளத்துக்கு எண்ணைத் திருத்திவிட்டுச் சராசரி எடுப்பார்கள், கோதுமைக்காரர்கள் சராசரி எடுத்துவிட்டுத் திருத்துவார்கள். உங்களுக்கு என் பதில்: இலக்கு எண்ணை எந்த முறையில் எடுத்தார்களோ அதே முறையில் கூட்டுங்கள். இலக்கை நீங்களே உங்கள் நிலத்தில் எடுத்தீர்கள் என்றால் எது வேண்டுமானாலும் சரி, பாதியில் மாற்றாமல் இருந்தால் போதும்.

நாசா விஷயம் எளிது. அது ஏறக்குறைய 50 கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரே எண் தரும். அந்த ஒரு கட்டத்துக்குள் மேட்டுப்பாளையமும் ஊட்டியும் அடங்கிவிடும். இரண்டுக்கும் உயரத்தில் 1900 மீட்டர் வித்தியாசம். ஆயிரம் மீட்டருக்கு 6 டிகிரி என்று வைத்தாலும் 11 டிகிரிக்கு மேல். பெரம்பலூர் மாதிரி சமவெளிக்கு அந்த டேட்டா தாராளமாகப் போதும். மலைக்கு வேண்டாம், சொந்தமாக அளந்துவிடுங்கள்.

கரிசல்காடு

சொந்தமாக அளப்பது என்றால் மோட்டார் ரூம் சுவரில் மாட்டினால் ஆகுமா?

வானிலைக் கிறுக்கன்

கூடவே கூடாது. சுவர் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி விடும். தகரக் கூரை என்றால் கேட்கவே வேண்டாம். வானிலை நிலையத்தில் பார்த்திருப்பீர்கள், நாலடி உயரத்தில் வெள்ளைப் பெட்டி, பக்கமெல்லாம் சாய்வுச் சட்டம், காற்று போகும், வெயில் போகாது. கதவு வடக்குப் பக்கம். அது வாங்க முடியாவிட்டால் வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகளைக் கவிழ்த்து, இடைவெளி விட்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்பியில் அடுக்குங்கள். மேல் தட்டு மட்டும் முழுசாக இருக்கட்டும், மற்றதில் நடுவில் ஓட்டை போட்டு உள்ளே அதிகபட்ச-குறைந்தபட்ச வெப்பமானியின் கம்பி முனையைத் தொங்கவிடுங்கள். சுவர், களம், தார் ரோடு எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

காலை 8.30க்குப் படிப்பது வழக்கம். அப்போது காட்டும் குறைந்தபட்சம் அன்று விடியற்காலையுடையது, அதிகபட்சம் நேற்று மதியத்துடையது. இரண்டையும் ஒரே தேதியில் எழுதிவிடுகிறார்கள். மொத்தக் கூட்டலில் பெரிதாகக் கெடாது, ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளைத் தேடும்போது குழப்பும்.

தாளடி மணி

தம்பி, முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனீர்களே, வெயில் வேறு என்று. அதற்கு வாருங்கள். வருடா வருடம் இந்தக் கூட்டல் எவ்வளவு மாறுகிறது? நாலு நாள் முன்னே பின்னே என்றால் எனக்கு ஒன்றும் கவலை இல்லை.

வானிலைக் கிறுக்கன்

நாலு நாள்தான் ஐயா. 1901க்குப் பிறகு இந்தியாவில் மிகச் சூடான ஆண்டு 2024 என்று வானிலைத் துறை அறிவித்தது. 1991-2020 சராசரியைவிட 0.65 டிகிரி அதிகம். 110 நாள் பயிருக்கு அது சுமார் 70 டிகிரி-நாள். தினம் 17 வரவு என்றால் நாலு நாள். நாள் கணக்கில் பார்த்தால் அது பெரிய விஷயமே இல்லை. அதிலும் கூரை போட்டுக் கணக்கிட்டால் கோடையில் பகல் சூடு கூடினாலும் வரவு கூடாது.

இரவில் கூடும் சூட்டைத்தான் நான் கவலையோடு பார்க்கிறேன். பகல் 36 ஆனாலும் 38 ஆனாலும் கணக்கில் 30தான். இரவு 25 என்பது 27 ஆனால் அந்த இரண்டில் பாதி, அதாவது தினம் ஒரு டிகிரி, வரவில் ஏறும், பயிரும் அவசரப்படும். அவசரப்பட்டு முடித்த பயிருக்கு மணி நிரப்ப நாள் போதாது. போதாததற்கு ராத்திரி சூட்டில் பயிர் பகலில் சேர்த்த மாவை மூச்சிலேயே செலவழித்துவிடும். பிலிப்பைன்ஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் சொந்தப் பண்ணைக் குறிப்புகளை வைத்து 2004இல் ஒரு ஆய்வு வந்தது. 1979 முதல் 2003 வரை அங்கே பகல் உச்சம் 0.35 டிகிரிதான் கூடியது, இரவு 1.13 டிகிரி கூடியது. கோடைப் போகத்தில் இரவு ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் 10 சதவீதம் குறைந்தது.

ஆகவே மொத்தக் கூட்டலை மட்டும் வைத்து "இந்த ஆண்டு நல்ல சூடு, பயிர் சீக்கிரம் வரும்" என்று சந்தோஷப்பட வேண்டாம். அதிகபட்சத்துக்கு ஒரு பத்தி, குறைந்தபட்சத்துக்கு ஒரு பத்தி, இரண்டையும் தனித்தனியாக வைத்து வருடங்களை ஒப்பிடுங்கள்.

தாளடி மணி

பகல் சூட்டுக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். குறுவை பூக்கும் சமயம் நாலு நாள் சுட்டெரித்தால் கதிரில் பாதி பதர். அது உங்கள் கூட்டலில் எங்கே வரும்?

வானிலைக் கிறுக்கன்

வராது. பூக்கும் நேரத்தில் 35ஐத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதராகும். அது கூட்டலில் தெரியாத சேதம், தனியாகக் குறித்து வைக்க வேண்டும்: பூத்த வாரத்தில் 35க்கு மேல் எத்தனை நாள் என்று. அதேபோல ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் மேகமூட்டமாக இருந்தால் பகல் இறங்கும், இரவு ஏறும், சராசரி அதிகம் அசையாது. கூட்டலைப் பார்த்தால் வழக்கமான ஆண்டு மாதிரி இருக்கும். ஆனால் பயிர் சூரியனையே பார்த்திருக்காது. வெப்பக் கணக்கு பயிர் எந்தப் பருவத்தில் நிற்கிறது என்று சொல்லும். எத்தனை மூட்டை என்று அதனிடம் கேட்கக்கூடாது.

ஸ்கார்பரோ தோட்டம்

எங்களுக்கு ஆண்டுக்கு ஆண்டு வித்தியாசம் நன்றாகத் தெரியும். கடைசிப் பனி எப்ப, முதல் பனி எப்ப என்பதில்தான் எல்லாம். இங்கே மே 24 விடுமுறைக்கு முன் வெளியில் நடாதே என்பார்கள். முந்தி நட்டாலும் வெண்டி குளிரில் விறைத்து நிற்கும், வளராது. பிந்தி நட்டது அதைப் பிடித்துவிடும். இந்த இழையைப் படிக்கும்போதுதான் ஏன் என்று விளங்குகிறது, முதல் இரண்டு கிழமையும் வரவே இல்லாத நாட்கள்.

கரிசல்காடு

எனக்கு இதில் நேரடியாகக் காசு வரும் ஓர் இடம் தெரிகிறது. படைப்புழு. 2018இல் இந்தியாவுக்குள் வந்ததிலிருந்து எங்களுக்குத் தூக்கம் இல்லை. புழுவுக்கும் இந்தக் கணக்கு உண்டா?

வானிலைக் கிறுக்கன்

பயிரைவிட நன்றாகவே பொருந்தும். முட்டையிலிருந்து அந்துப்பூச்சி வரை சுமார் 390 டிகிரி-நாள், அடித்தளம் ஏறக்குறைய 12.5. சராசரி 28 என்றால் தினம் 15.5, அதாவது 25 நாளில் ஒரு தலைமுறை. மார்கழியில் சராசரி 24 என்றால் 11.5, 34 நாள். இனக்கவர்ச்சிப் பொறியில் பூச்சி கூட்டமாக விழுந்த நாளிலிருந்து கூட்டத் தொடங்குங்கள். அடுத்த கூட்டம் எப்போது என்று ஒரு வாரம் முன்கூட்டியே தெரியும். குருத்துக்குள் புழு புகுந்த பிறகு மருந்தடித்துப் பயனில்லை என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கரிசல்காடு

இது ஒன்றுக்காகவே தட்டு வாங்கிவிடலாம். கடைசியாக ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் புரட்டாசியில் மழையை எதிர்பார்த்துப் புழுதியிலேயே விதைத்துவிடுவோம். விதை பத்து நாள்கூடச் சும்மா கிடக்கும். விதைத்த நாளிலிருந்து கூட்டவா?

வானிலைக் கிறுக்கன்

வேண்டாம். முளைக்கிற அளவுக்கு மண் நனைந்த மழை நாளிலிருந்து தொடங்குங்கள். இன்னும் பத்திரமாக வேண்டும் என்றால் பாதிக்கு மேல் முளை தெரிந்த நாளிலிருந்து. ஆறு இலை வரும்வரை மக்காச்சோளத்தின் குருத்து மண்ணுக்குள்தான் இருக்கும், அதுவரை அது உணர்வது மண் சூட்டைத்தான். கரிசல் மண் நனைந்து குளிர்ந்து கிடந்தால் கணக்கைவிட ஓரிரு நாள் பிந்தும். அப்புறம், பூக்கும் சமயம் மழை ஏமாற்றினால் ஆண் பூ வந்துவிடும், கதிரில் நூல் பிந்தும். அந்த ஆண்டு எண்ணை இலக்கு எடுக்கப் பயன்படுத்தாதீர்கள்.

தாளடி மணி

கரிசல் தம்பி, அந்த எக்செல்லை இங்கே போட்டுவிடுங்கள். கூரை எண்ணை மாற்றுகிற மாதிரி ஒரு கட்டம் வையுங்கள். குறுவைக்கு நானும் ஒரு போகம் எழுதிப் பார்க்கிறேன். சம்பாவைத் தொட மாட்டேன்.